விசாரணைக்கு ராணுவம், ஓய்வூதியத்துக்குப் போலீஸ்

செகந்திராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது சைனிக்புரி. 'சைனிக்' என்றால் படைவீரர். பெயருக்கேற்ப, ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்காக உருவான குடியிருப்பு அது. பக்கத்திலேயே டிஃபென்ஸ் காலனி, வாயுபுரி. முப்படை அதிகாரிகளுக்கு நிர்வாகம் கற்பிக்கும் பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரியின் அஞ்சல் முகவரியும் சைனிக்புரிதான். அங்கிருந்து கொஞ்ச நேரப் பயணத்தில் ஹக்கிம்பேட் வந்துவிடும். அங்கே வேறு உலகம். மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப். தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசிய அகாடமி ஒருபுறம், சி.ஆர்.பி.எஃப்.பின் கலவரத் தடுப்புப் பிரிவான அதிரடி விரைவுப் படையின் 99ஆவது பட்டாலியன் இன்னொருபுறம். துப்பாக்கி, அணிவகுப்பு, பாசறை, பட்டாலியன் என்று எல்லாம் ராணுவத்தில் உள்ளவைதான். ஆனால் இவர்கள் ராணுவம் இல்லை.

அப்படியானால் யார்? தமிழ்ப் பத்திரிகைகளிடம் ஆயத்தமான பதில் உண்டு: துணை ராணுவம். தேர்தல் வந்தால் 'துணை ராணுவம் கொடி அணிவகுப்பு', கலவரம் என்றால் 'துணை ராணுவம் குவிப்பு'. மத்திய உள்துறை இந்தப் பெயரை 2011லேயே கைவிட்டுவிட்டது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, சசஸ்திர சீமா பல், சி.ஐ.எஸ்.எஃப். ஆகிய படைகளை 'மத்திய ஆயுதக் காவல் படைகள்' என்றே அழைக்க வேண்டும் என்று அப்போது முடிவானது. பெயரில் 'ராணுவம்' போய்க் 'காவல்' வந்தது. வேலை மட்டும் மாறவில்லை.

பெயருக்கும் வேலைக்குமான இந்தக் குழப்பம் ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. 1948 செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் நிஜாமின் எல்லைக்குள் நுழைந்தது. மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரியின் தலைமையில் டாங்கிகள் வந்தன, விமானங்கள் பறந்தன, ஐந்து நாளில் சமஸ்தானம் பணிந்தது. சௌத்ரி ராணுவ ஆளுநராக அமர்ந்தார். இவ்வளவுக்கும் வைத்த பெயர் 'போலீஸ் நடவடிக்கை'. நிஜாம் ஐ.நா. பாதுகாப்பு அவைக்குப் புகார் கொண்டுபோயிருந்த நேரத்தில், இது இரண்டு நாடுகளின் போர் அல்ல, வீட்டுக்குள் நடக்கும் ஒழுங்குபடுத்தல் என்று காட்டும் தேவை டெல்லிக்கு இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நகரத்தில் கதை தலைகீழானது. 1989இல் ஐ.பி.எஸ். அதிகாரி கே.எஸ். வியாஸ் 'கிரேஹவுண்ட்ஸ்' என்ற மாநிலப் போலீஸ் பிரிவை உருவாக்கினார். காட்டுக்குள் நாள்கணக்கில் தங்கி மாவோயிஸ்ட்டுகளைத் தேடும் சிறு சிறு குழுக்கள், கடும் உடற்பயிற்சி, உளவுத் தகவலை நம்பிய தாக்குதல் என ராணுவ முறையெல்லாம் போலீஸ் பெயரில் நடந்தது. வியாஸை 1993 ஜனவரியில் ஹைதராபாத் லால் பகதூர் மைதானத்தில் நக்சல்கள் சுட்டுக்கொன்றார்கள். 2008 ஜூன் 29 அன்று ஒடிசாவின் பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகில் வந்த கிரேஹவுண்ட்ஸ் அணி தாக்குதலில் சிக்கியது. 38 பேர் இறந்தார்கள். 1948இல் ராணுவம் போலீஸ் பெயரில் வந்தது. 1989க்குப் பிறகு போலீஸ் ராணுவத்தின் வேலையைச் செய்தது.

உலகில் பல நாடுகள் இந்தக் குழப்பத்தைச் சட்டத்தால் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காவலரின் சிவப்புத் தொப்பியைப் பார்த்து நின்று படம் எடுக்காமல் வருவதில்லை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற தொப்பி அது. அந்தப் பிரான்ஸில் நகரங்களுக்குப் போலீஸ் என்றால், கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் 'ஜாந்தார்மெரி'. திருட்டு வழக்கை விசாரிப்பதும் சாலையில் வேகத்தைப் பிடிப்பதும் அவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவரும் சட்டப்படி ராணுவத்தினர். 2009இல் இந்தப் படை உள்துறையின் கீழ் கொண்டுவரப்பட்டபோதும், ராணுவத் தகுதி அப்படியே நீடிக்கும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2018 மார்ச்சில் திரேப் என்ற சிற்றூரின் பேரங்காடியில் பயங்கரவாதி ஒருவன் பணயமாகப் பிடித்துவைத்த பெண்ணுக்குப் பதிலாகத் தன்னை ஒப்புக்கொடுத்து உயிர்விட்ட அர்னோ பெல்த்ராம், இந்தப் படையின் லெப்டினன்ட் கர்னல்.

இத்தாலியின் 'கராபினியேரி' 1814இல் பிறந்தது. 2000ஆம் ஆண்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு இணையான தனிப் படை என்ற நிலை அதற்குக் கிடைத்தது. ஒரு குற்றத்தை விசாரிக்கும்போது அவர்களை வழிநடத்துவது அரசு வழக்குத்தொடுநர். தவறு செய்தால் நிறுத்தப்படுவது பொது நீதிமன்றத்தில். 2009இல் ரோமில் காவலில் இருந்தபோது தாக்கப்பட்டு இறந்த ஸ்டெஃபனோ குக்கியின் குடும்பம் பல ஆண்டுகள் போராடியது. கடைசியில் 2022இல் இரண்டு கராபினியேரி காவலர்களுக்கு 12 ஆண்டுச் சிறைத் தண்டனை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் இறுதியாக முடிவுசெய்தது. ராணுவத் தகுதி தண்டனையிலிருந்து அவர்களைக் காப்பாற்றவில்லை. எதிர்ப்பக்கம் நடந்தவர்களும் உண்டு. தன் ராணுவக் காவல் படையை 1990களில் ராணுவத்திலிருந்து பிரித்த பெல்ஜியம், 2001இல் அதைப் பொதுப் போலீஸோடு கரைத்தேவிட்டது. வழி வேறு வேறு. ஆனால் எங்குமே படைவீரர் தான் யார் என்று நீதிமன்றப் படியேறிக் கேட்க வேண்டியதில்லை.

இந்தியாவில் கேட்க வேண்டியிருக்கிறது.

சி.ஆர்.பி.எஃப். பிறந்தது 1939இல், மத்தியப் பிரதேசத்தின் நீமச்சில், சமஸ்தானங்களின் கொந்தளிப்பை அடக்கப் பிரிட்டிஷார் திரட்டிய படையாக. விடுதலைக்குப் பின் 1949இல் இன்றைய பெயரும் தனிச் சட்டமும் வந்தன. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையின் குண்டுக்கு இறந்த பத்துப் பேர் இந்தப் படையினர். ஆண்டுதோறும் அந்த நாளில்தான் நாடு முழுவதும் காவலர் வீரவணக்க நாள் அனுசரிக்கப்படுகிறது. 1965 ஏப்ரல் 9 அன்று கட்ச் பாலைவெளியில் சர்தார் சாவடியில் சி.ஆர்.பி.எஃப்.பின் சிறு அணி ஒன்று பாகிஸ்தான் ராணுவத் தாக்குதலைத் தாங்கி நின்றது. எல்லைக்கென்றே தனிப் படை வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பி.எஸ்.எஃப். உருவானது. 2010 ஏப்ரலில் சத்தீஸ்கரின் தண்டேவாடாவில் ஒரே காலையில் 76 பேர் இறந்தார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் சி.ஆர்.பி.எஃப். 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் 40 பேர். அவர்களில் இருவரின் உடல்கள் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களின் கிராமங்களுக்கு வந்து சேர்ந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை.

இதே படைதான் 2007இல் லைபீரியாவுக்கு ஐ.நா.வின் முதல் முழு மகளிர்க் காவல் பிரிவை அனுப்பியது. உள்நாட்டுப் போரில் நொறுங்கிய நாட்டில் ராணுவம் போனால் மக்கள் பயப்படுவார்கள். சாதாரணப் போலீஸ் போனால் துப்பாக்கிக்காரர்கள் சட்டை செய்யமாட்டார்கள். அந்த இடைவெளியில் நிற்கத் தெரிந்தவர்களைத்தான் ஐ.நா. தேடியது. கராபினியேரி 1998இல் போஸ்னியாவுக்குப் போனதும் இதே காரணத்துக்காக. இன்றைய பாதுகாப்புச் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் கிடக்கிறது: விமான நிலையம், அணுமின் நிலையம், எல்லைக் கடத்தல், மதக் கலவரம், தேர்தல். 1999 டிசம்பரில் காந்தஹார் விமானக் கடத்தல் நடந்த கையோடு விமான நிலையங்களின் காவல் சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு மாறத் தொடங்கியது. 2015இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்கே அந்தப் படை வந்தது. அரக்கோணம் அருகே தக்கோலத்தில், சோழ இளவரசன் ராஜாதித்தன் வீழ்ந்த களத்துக்குப் பக்கத்தில், அவன் பெயரிலேயே அதற்கு ஒரு பயிற்சி மையமும் உண்டு.

இப்படிப்பட்ட படைகளில் இன்று சுமார் பத்து லட்சம் பேர். அவர்கள் சட்டத்தின் கண்ணில் யார் என்பதில்தான் சிக்கல்.

1993ஆம் ஆண்டின் மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'ஆயுதப் படைகள்' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கம்: தரைப்படை, கடற்படை, விமானப்படை, அவற்றோடு ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகள். அதாவது சி.ஆர்.பி.எஃப்.பும் பி.எஸ்.எஃப்.பும் இதில் அடக்கம். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆயுதப் படைமீது புகார் வந்தால் தேசிய மனித உரிமை ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது என்கிறது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அறிக்கை வந்ததும் பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் இந்தப் படைகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்களுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. கேள்வி கேட்க யாராவது வந்தால், இவர்கள் ராணுவம்.

இப்போது ஓய்வூதியக் கோப்பைப் பிரிப்போம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, புதிய திட்டம்தான். 'ஆயுதப் படைகளுக்கு' மட்டும் விலக்கு. சி.ஆர்.பி.எஃப். வீரர் இந்த விலக்கைக் கேட்டபோது, நீங்கள் உள்துறையின் கீழ் வருகிறவர்கள், ஆயுதப் படை என்பது பாதுகாப்புத் துறையின் முப்படைதான் என்றது அரசு. 2023 ஜனவரி 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்காமல், இவையும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, பழைய ஓய்வூதியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்ய, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு இடைக்காலத் தடை விதித்தது. ஆக, பணம் கேட்டு இவர்களே வந்தால், இவர்கள் போலீஸ்.

ஒரே சொல், ஒரே அரசு, இரண்டு அகராதி. இந்தக் கட்டுரையின் புகார் இதுதான். படைவீரருக்கும் குடிமகனுக்கும் ஒரே நேரத்தில் நட்டம் வரும்படி அமைந்த ஏற்பாடு இது. ராணுவத் தகுதியில் கிடைக்கும் நன்மை வீரருக்குப் போய்ச் சேரவில்லை. போலீஸ் தகுதியில் வர வேண்டிய பொறுப்பு குடிமகன் பக்கம் வரவில்லை.

வீரர் தரப்பின் நட்டம் சைனிக்புரித் தெருவில் கண்ணுக்குத் தெரியும். அங்கே ஓய்வுபெற்ற சுபேதாருக்கு 'முன்னாள் படைவீரர்' என்ற சட்டப் பெயர் உண்டு. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம், முன்னாள் வீரர் மருத்துவத் திட்டம், ராணுவக் கேன்டீன் எல்லாம் அந்தப் பெயரோடு வருகின்றன. காஷ்மீரிலும் பஸ்தரிலும் அதே அளவு காலம் கழித்த சி.ஆர்.பி.எஃப். ஆய்வாளர் பக்கத்து வீட்டில் குடியிருந்தால் அவர் 'முன்னாள் மத்திய ஆயுதக் காவல் படையினர்'. 2012இல் உள்துறை கொடுத்த பெயர் அது. பெயர் கிடைத்தது, அதோடு வர வேண்டிய உரிமைகள் முழுதாக வரவில்லை. மேல்பதவிகளின் கதை இன்னொன்று. சொந்தமாக வளர்ந்த அதிகாரிகள் உயர் பொறுப்புக்கு வரும்போது அந்த நாற்காலிகளில் பெரும்பாலும் ஐ.பி.எஸ். அதிகாரிகள் அமர்ந்திருக்கிறார்கள். 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் இந்த அயல்பணி இடங்களை இரண்டு ஆண்டுக்குள் படிப்படியாகக் குறைக்கச் சொன்னதன் பின்னணி இதுதான்.

இதெல்லாம் வெறும் காகிதச் சண்டை இல்லை. 2024 டிசம்பரில் உள்துறை நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் 730 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 55,555 பேர் விருப்ப ஓய்வு பெற்றோ ராஜினாமா செய்தோ வெளியேறினார்கள். ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்கவைப்போம் என்று உள்துறை பலமுறை சொன்னது. தேர்தலுக்கு ஒரு மாநிலம், யாத்திரைக்கு இன்னொன்று, கலவரத்துக்கு மூன்றாவது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டே இருக்கும் படைக்கு அந்த 100 நாள் எங்கிருந்து வரும்?

குடிமகன் தரப்பின் நட்டத்தைத் தமிழ்நாட்டின் இரண்டு பழைய காயங்களை வைத்து அளக்கலாம். வீரப்பனைத் தேடிய தமிழக, கர்நாடக அதிரடிப் படைகளின் மீது மலைவாழ் மக்கள் சொன்ன சித்திரவதைப் புகார்களை ஆராய, தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இழப்பீடு கிடைத்தது. ஆணையம் இவ்வளவு தூரம் போக முடிந்தது, அவை மாநிலப் போலீஸ் படைகள் என்பதால். அந்தக் காட்டில் பி.எஸ்.எஃப்.பும் தேடுதலில் ஈடுபடுத்தப்பட்டது. அதன்மீது இதே புகார் வந்திருந்தால் ஆணையம் டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் சேர்ந்து அந்த மலைக் கிராமத்தில் புகுந்து மக்கள்மீது வன்முறை நிகழ்த்தினார்கள். 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பத்தோரு ஆண்டு. அதிலும், நேரடியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடிந்த மாநில ஊழியர்கள் விஷயத்திலேயே இவ்வளவு காலம்.

ஆந்திரம் இந்தக் கேள்வியை வேறு யாரையும்விட ஆழமாகத் தோண்டியிருக்கிறது. வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரானும் அவரது தோழர்களும் என்கவுன்ட்டர் சாவுகளை ஒவ்வொன்றாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒவ்வொரு என்கவுன்ட்டர் சாவுக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பதை விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தாலும், 2014 செப்டம்பரில் தானே 16 நெறிமுறைகளை வகுத்தது. கிரேஹவுண்ட்ஸ் போலீஸாக இருந்ததால்தான் அந்த வாதத்துக்கே இடம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ராணுவப் பயிற்சி பெற்ற படையைச் சாதாரணக் குற்றவியல் சட்டத்துக்குள் நிறுத்திப் பேச முடியும் என்பதற்கு ஹைதராபாத் நீதிமன்றங்களே சாட்சி.

ராணுவத் தகுதி கொடுத்தால் போலீஸ் மேலும் முரட்டுத்தனமாகும், ஊர்வலத்தில் நிற்கும் குடிமகன் எதிரியாகத் தெரிவான் என்று ஒரு வாதம் உண்டு. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முரட்டுத்தனம் தகுதியால் வருவதைவிடப் பயிற்சியாலும் தண்டனை இல்லாமையாலும் வருகிறது. ஹக்கிம்பேட்டில் இருக்கும் விரைவுப் படையே இதற்கு உதாரணம். 1992 அக்டோபரில் பத்துப் பட்டாலியன்களோடு தொடங்கப்பட்ட அந்தப் படையின் வீரர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெற்றவர்கள்தான். ஆனாலும் நீல நிற உடையில், உயிர் பறிக்காத ஆயுதங்களோடு, கூட்டத்தைக் கலைப்பதற்கென்றே பயிற்றுவிக்கப்படுகிறார்கள். கோவை வெள்ளலூரில் இருக்கும் 105ஆவது பட்டாலியனும் அந்த வகைதான்.

மாநில உரிமை பற்றிய கவலை இன்னும் நியாயமானது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1968இல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது கேட்காமலே சி.ஆர்.பி.எஃப். வந்ததைக் கேரளத்தில் இ.எம்.எஸ். அரசு எதிர்த்தது. 1976இல் அரசியல் சட்டத்தின் 42ஆவது திருத்தம், மாநிலத்துக்குள் படை அனுப்பும் அந்த அதிகாரத்தை மத்தியப் பட்டியலில் எழுதி வைத்தது. 2021இல் பி.எஸ்.எஃப்.பின் அதிகார எல்லை பஞ்சாப், மேற்கு வங்கம், அசாமில் 15லிருந்து 50 கிலோமீட்டராக விரிந்தபோது பஞ்சாப் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எனவே, தகுதியை வரையறுக்கும் எந்தச் சட்டமும் மாநிலத்தின் சம்மதம் எங்கே தேவை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எல்லாப் படைக்கும் ஒரே சட்டை பொருந்தாது. பனிமலை எல்லையில் நிற்கும் இந்தோ-திபெத் படைக்கும், மீனம்பாக்கத்தில் பையைச் சோதிக்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலருக்கும் ஒரே தகுதி தேவையில்லை. செய்யும் வேலையை வைத்துத் தகுதி அமையட்டும். எல்லையிலும் கிளர்ச்சிப் பகுதிகளிலும் காலம் கழித்தவருக்கு ராணுவ வீரருக்கு உள்ள ஓய்வூதியமும் மருத்துவமும் சட்டப்படி கிடைக்கட்டும். உள்நாட்டு ஒழுங்குப் பணியில் இருக்கும்போது, படை எதுவானாலும், மனித உரிமை ஆணையம் நேரடியாக விசாரிக்கும்படி 1993 சட்டத்தின் விளக்கப் பிரிவு திருத்தப்படட்டும். இரண்டையும் ஒரே மசோதாவில் கொண்டுவர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால், மற்றது இன்னொரு தலைமுறைக்குத் தள்ளிப்போகும்.

2024 பிப்ரவரியில் மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு முதன்முறையாகத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் நடந்தது. இந்தியும் ஆங்கிலமும் மட்டும் என்ற விதியைத் தமிழ்நாடு அரசு எதிர்த்துக் கடிதம் எழுதிய பின் கிடைத்த மாற்றம் அது. அந்தத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறிய இருபது வயது இளைஞர் 2060களில் ஓய்வுபெறுவார். அதற்குள் அவர் மணிப்பூரிலும் ஜம்முவிலும் நின்றிருப்பார். எத்தனையோ ஊர்களின் கலவரத் தெருக்களில் லத்தியோடு நடந்திருப்பார். யாரோ ஒருவர் அவர்மீது புகார் கொடுத்திருக்கவும் கூடும். அந்தப் புகாரை எடுப்பவரும் அவரது ஓய்வூதியத்தைக் கணக்கிடுபவரும் அன்றாவது ஒரே அகராதியைப் புரட்டுவார்களா என்பதை இப்போதுள்ள நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.